பாட்டரி வண்டியின் மின்சுற்றுக்களிற் பிழை காணும் முறை

பௌதிக நூல் வகுப்பில் ஓம் என்பாரது விதியைத் தடையின்றி ஒப்புவிக்கும் மாணாக்கர் பலராவர். அவ்விதியையே கருவியாகக் கொண்டு, நின்றுபோன ஓர் யந்திரத்தை மீண்டும் ஓடச் செய்வோர் மிகச் சிலரேயாவர். கற்ற கல்வி கைக்கு உதவாதாயின் அஃது ஏட்டுச் சுரைக்காயாகவே முடியும். ஆதலின், இவ்வாண்டு மலரில், நம் கண்முன் நாடோறும் ஓடும் எளிய வண்டியொன்றை எடுத்துக்கொண்டு, அதன் மின்சுற்றுக்களில் நேரும் பிழைகளை முறைப்படி நாடிக் காணும் வகையினை ஒரு பாடமாக எழுதத் துணிந்தோம். அவ்வண்டி, மேனாட்டார் கோல்ப் என்னும் பந்தாட்டத்திற்கென அமைத்த பாட்டரி வண்டியேயாம்.

இதனை எழுதுதற்கு வேறொரு காரணமும் உண்டு. எமது வளாகத்தில் ஓடும் அத்தகைய வண்டியொன்று, கால் வலுவற்ற மாணாக்கர் ஒருவரை விடுதியினின்று மேட்டின்மேலுள்ள ஆய்வுகூடத்திற்கு நாடோறும் ஏற்றிச் செல்வது. அது சில கிழமைகளாகத் தளர்ந்து தளர்ந்து ஏறி, ஒருநாள் மேட்டின் நடுவில் நின்றுவிட்டது. வண்டி நின்ற நாளெல்லாம் அம்மாணாக்கர் தம் செய்முறை வகுப்பை இழந்தார். அதனைச் சீர்செய்யப் புகுந்த யாம் முதலிற் செய்த தவற்றையும், பின்னர்க் கண்ட உண்மையையும் உரிய இடத்திற் கூறுவோம்.

1. வண்டியும் அதன் உறுப்புக்களும்

பதினெட்டுக் குழிகளுடைய கோல்ப் ஆட்டக்களம் மிகப் பரந்தது. முதியோரும் நோயுற்றோரும் அதனை நடந்து கடத்தல் அரிது. அவர்பொருட்டு அமெரிக்க ஐக்கிய நாட்டிற் பாட்டரி வண்டிகள் தோன்றி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எங்கும் பரவின. 1934-ஆம் ஆண்டில் தொடங்கிய மாஸ்டர்ஸ் பந்தயத்தாற் பெயர்பெற்ற ஆகஸ்டா நகர்ப்பகுதியிலேயே, 1954-ஆம் ஆண்டில் இஸீ-கோ என்னும் வண்டித் தொழிற்சாலை தோற்றுவிக்கப்பெற்றது. இக்காலத்தில் இவ்வகை வண்டி ஆட்டக்களத்தோடு நில்லாது, இரயில் நிலையங்களிலும், மருத்துவமனைகளிலும், கல்லூரி வளாகங்களிலும், வண்டலூர் விலங்கினப் பூங்கா போன்ற இடங்களிலும் மக்களை ஏற்றிச் செல்கின்றது.

இதன் உறுப்புக்கள் சிலவே. முதலாவது பாட்டரித் தொகுதி. ஈயத் தகடுகளும் கந்தகத் திராவகமும் கொண்ட இவ்வகைப் பாட்டரியை 1859-ஆம் ஆண்டிற் பிரெஞ்சு நாட்டு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே முதன்முதல் அமைத்தார். அதன் ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ 2 வோல்ட்டு அழுத்தம் தரும். மூன்று கலம் சேர்ந்தது 6 வோல்ட்டுப் பாட்டரி. நான்கு சேர்ந்தது 8 வோல்ட்டுப் பாட்டரி. பழைய வண்டிகளில் 6 வோல்ட்டுப் பாட்டரிகள் ஆறு தொடராக இணைக்கப்பெற்று 36 வோல்ட்டும், பிற்காலத்தனவற்றில் 8 வோல்ட்டுப் பாட்டரிகள் ஆறேனும் 12 வோல்ட்டுப் பாட்டரிகள் நான்கேனும் இணைக்கப்பெற்று 48 வோல்ட்டும் தரும்.

இரண்டாவது மோட்டார். மூன்றாவது, மிதியின் அளவுக்கேற்ப மோட்டாருக்கு மின்னோட்டத்தை அளந்துவிடும் கன்ட்ரோலர். நான்காவது ஸொலினாய்டு, இது மின்காந்தத்தால் இயங்கும் ஒரு பெரிய சுவிச்சு. இதன் சுருளிற் சிறிய ஓட்டம் பாய்ந்தவுடன் உள்ளிருக்கும் செம்புத் தகடு ஈர்க்கப்பெற்று, இரு பெரிய முனைகளையும் இணைக்கும். அப்பொழுது ‘டக்’ என்னும் ஒலி கேட்கும். இவ்வொலி நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் துணையாவது. இவற்றோடு சாவிச் சுவிச்சு, முன்பின் செலுத்தும் சுவிச்சு, மிதியின்கீழ் அமைந்த சிறு சுவிச்சு, உருகிகள், இணைப்புக் கம்பிகள் என்பனவும் உள.

2. இரு சுற்றுக்கள்

பிழை காண்பான் முதற்கண் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுவது, வண்டியில் இருவேறு சுற்றுக்கள் உள என்பதே. ஒன்று பெருஞ்சுற்று: பாட்டரித் தொகுதி, தடித்த கம்பிகள், ஸொலினாய்டின் பெருமுனைகள், கன்ட்ரோலர், மோட்டார் என்பன இதனைச் சார்ந்தவை. மேட்டில் ஏறுங்கால் இதில் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட ஓட்டமும் பாயும். மற்றொன்று ஏவற்சுற்று: சாவி, மிதிச் சுவிச்சு, ஸொலினாய்டின் சுருள் ஆகியவை இதனைச் சார்ந்தவை. இதில் ஓடுவது மிகச் சிறிய ஓட்டமே. ஏவற்சுற்று கட்டளையிடும், பெருஞ்சுற்று உழைக்கும். வண்டி நின்றவிடத்து, கட்டளை பிறக்கவில்லையோ, பிறந்த கட்டளை நிறைவேறவில்லையோ என்று பகுத்தறிதலே முதற்படி. ‘டக்’ என்னும் ஒலி எழுந்ததாயின் கட்டளை ஸொலினாய்டு வரை வந்தது. எழாதாயின் பிழை பெரும்பாலும் ஏவற்சுற்றில் உள்ளது.

இவ்விரண்டையும் ஆள்வன இரண்டு விதிகளே. 1827-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஓம் வெளியிட்ட விதியின்படி, ஓட்டத்தைத் தடையாற் பெருக்கக் கிடைப்பது அத்தடையின் இருமுனைக்கும் இடைப்பட்ட அழுத்தமாகும். 1845-ஆம் ஆண்டிற் கிர்க்காப் கூறிய விதியின்படி, ஒரு சுற்றில் ஆங்காங்கு இழக்கப்படும் அழுத்தங்களின் கூட்டுத்தொகை, பாட்டரி தரும் அழுத்தத்திற்குச் சமமாகும். கடைமடைக்கு நீர் வாராதாயின் உழவன் வாய்க்காலின் கரைவழியே நடந்து எவ்விடத்தில் நீர் மறைகின்றதெனப் பார்க்கின்றான் அன்றோ? நாமும் வோல்ட்டு மீட்டரைக் கைக்கொண்டு, எவ்விடத்தில் அழுத்தம் மறைகின்றதெனச் சுற்றுவழியே நடந்து பார்த்தல் வேண்டும். இக்கட்டுரையிற் கூறப்படும் சோதனை யாவும் இவ்வொன்றின் விரிவேயாம்.

3. தொடங்குமுன் கொள்ளவேண்டிய எச்சரிக்கை

48 வோல்ட்டு அழுத்தம் உலர்ந்த கையைத் தாக்குதல் அரிது என்று எண்ணி அசட்டையாயிருத்தல் கூடாது. பாட்டரியின் இருமுனையையும் ஓர் இரும்புத் திருகுசாவி தற்செயலாக இணைத்துவிடின், அதன்வழி பல நூறு ஆம்பியர் பாய்ந்து, இரும்பு செந்நிறமாகக் காய்ந்து உருகும். விரலில் மோதிரம் இருப்பின் விரலே வெந்துபோம். ஆதலின் மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி யாவற்றையும் கழற்றி வைத்தே பணி தொடங்குக. திருகுசாவியின் பிடியில் மின்கடத்தா நாடாவைச் சுற்றிக்கொள்க.

மின்னேற்றத்தின்போது பாட்டரியினின்று ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அது சிறு பொறியாலும் வெடிக்கும் இயல்பினது. ஆகவே காற்றோட்டமுள்ள இடத்தில் இருத்துக, நெருப்பை அணுகவிடற்க. கண்ணாடிக் காப்பின்றித் திராவகத்தின் அருகிற் குனியற்க. சிந்திய திராவகத்தின்மேல் ஆப்பச் சோடாவை நீரிற் கரைத்து ஊற்றினால் அதன் வேகம் தணியும்; உடம்பிற் பட்டவிடத்தை மிகுந்த நீராற் கழுவுதல் வேண்டும்.

கம்பிகளைக் கழற்றுமுன் சாவியை நிறுத்தி, ஓட்டம்-இழுப்பு எனக் குறித்த சுவிச்சு இருப்பின் அதனை இழுப்பு நிலையில் வைத்து, தொகுதியின் எதிர்முனைக் கம்பியை முதலிற் கழற்றுக. மாட்டுங்கால் அதனை இறுதியில் மாட்டுக. கன்ட்ரோலரினுள் இருக்கும் மின்தேக்கி, பாட்டரியைக் கழற்றியபின்னும் சிறிதுநேரம் மின்னைத் தாங்கியிருக்கும் என்பதை மறவற்க.

சக்கரத்தைச் சுழற்றிச் சோதிக்க வேண்டின், முன்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, பின்சக்கரங்களை உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை நிறுத்துக. அங்ஙனம் உயர்த்திய நிலையில் மிதியை முற்றும் அமுக்குதல் கூடாது. தொடர்ச்சுற்று மோட்டார் சுமையின்றி ஓடுங்கால் அளவுகடந்த வேகங்கொண்டு சிதையும் இயல்பினது.

மற்றொன்று: மோட்டார் காரின் இரும்புச் சட்டம் பாட்டரியின் எதிர்முனையோடு இணைந்திருக்கும்; இவ்வகை வண்டியிலோ பெரும்பாலும் சட்டம் பாட்டரியினின்று பிரிக்கப்பட்டிருக்கும். ஆதலின் வோல்ட்டு மீட்டரின் கருப்புக் கம்பியைச் சட்டத்தில் வைத்து அளப்போர் பொய்யான அளவையே பெறுவர். கருப்புக் கம்பி தொகுதியின் எதிர்முனையிலேயே இருத்தல் வேண்டும்.

4. பாட்டரித் தொகுதியை ஆராய்தல்

எப்பிழையாயினும் ஆராய்ச்சி பாட்டரியினின்றே தொடங்குதல் முறை. முதலிற் கண்ணாற் காண்க. முனைகளில் வெண்மையாகவோ பசுமையாகவோ பூத்திருக்கும் களிம்பு, தளர்ந்த மறை, உருகிய ஈயம், வீங்கிய பெட்டி, தகடு தெரியும்படி குறைந்த திராவகம் ஆகிய இவை யாதொரு கருவியுமின்றியே புலனாகும். குறைந்தவிடத்து வாலைநீர் அன்றிக் கிணற்றுநீர் ஊற்றற்க. தகடு மூழ்குமளவு ஊற்றி மின்னேற்றி, அதன்பின்னரே உரிய அளவுக்கு நிரப்புக.

பின்னர், முற்றும் மின்னேற்றிச் சில மணிநேரம் ஓய்வாக விட்ட தொகுதியை அளக்க. 36 வோல்ட்டுத் தொகுதி ஏறத்தாழ 38.2 வோல்ட்டும், 48 வோல்ட்டுத் தொகுதி ஏறத்தாழ 50.9 வோல்ட்டும் காட்டும். அடுத்து ஒவ்வொரு பாட்டரியையும் தனித்தனியே அளந்து குறித்துக்கொள்க. 8 வோல்ட்டுப் பாட்டரிகளில் ஐந்து 8.4 எனவும் ஒன்று மட்டும் 6.4 எனவும் காட்டுமாயின், அவ்வொன்றில் ஒரு கலம் இறந்துபட்டதெனத் துணியலாம். குறைந்த 2 வோல்ட்டு ஒரு கலத்தின் அளவேயன்றோ? மூடி திறக்கக்கூடிய பாட்டரியாயின், ஹைட்ராமீட்டரால் ஒவ்வொரு கலத்துத் திராவகத்தின் ஒப்படர்த்தியையும் அளக்கலாம். நிறைந்த கலம் 1.265 முதல் 1.280 வரை காட்டும். ஒரு கலம் மற்றவற்றினின்று 0.050 அளவு தாழ்ந்திருப்பின் அது நோயுற்றதாகும்.

ஒரு பாட்டரி மட்டும் பலமுறை நலிவதாயின், விளக்கு, ஊதுகுழல் முதலியவற்றிற்கு அதனின்று மட்டும் மின் எடுக்கப்படுகின்றதா எனப் பார்க்க. தொகுதியில் ஒன்றிரண்டு பாட்டரிகளினின்று 12 வோல்ட்டைப் பிரித்தெடுக்கும் வழக்கம் அவற்றை விரைவில் மெலிவித்து, தொகுதி முழுதையும் கெடுக்கும். தொகுதி முழுதினின்றும் பெற்று 12 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் கருவியை அமைத்தலே தக்கது.

5. ஒலியும் இல்லை, ஓட்டமும் இல்லை

மிதியை அமுக்கியும் ‘டக்’ ஒலி எழாதாயின் ஏவற்சுற்றை நாடுக. இச்சுற்றின் வரிசை வண்டிக்கு வண்டி சிறிது வேறுபடுமாதலின், அவ்வண்டிக்குரிய சுற்றுப்படத்தைக் கண்முன் வைத்துக்கொள்ளுதல் நன்று. பொதுவாக ஓட்டம், தொகுதியின் நேர்முனையினின்று உருகி, சாவிச் சுவிச்சு, மிதிச் சுவிச்சு என்பவற்றைக் கடந்து ஸொலினாய்டின் சுருளை அடைந்து, எதிர்முனைக்கு மீளும். கைத்தடை உடைய வண்டிகளில் அது விடுவிக்கப்பட்டதா எனவும், சில வண்டிகள் மின்னேற்றும் கம்பி செருகியிருக்கும்வரை ஓடாவாதலின் அக்கம்பி பிடுங்கப்பட்டதா எனவும் முதலிற் பார்க்க.

இப்பொழுது ஒருவர் மிதியை அமுக்க, மற்றொருவர் சுருளின் இரு சிறுமுனைகளுக்கும் இடையே அளக்க. அங்கே முழு அழுத்தம் இருந்தும் ஒலி எழாதாயின், சுருள் அறுந்ததோ உள்ளுறுப்புச் சிக்கியதோ ஆம், ஸொலினாய்டை மாற்றுக. அழுத்தம் இல்லையாயின் சுருள் குற்றமற்றதாயிருக்கலாம். அதற்கு ஓட்டம் வந்து சேரவில்லை.

இங்கே மாணாக்கர் ஊன்றி உணரவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. கருப்புக் கம்பியைத் தொகுதியின் எதிர்முனையில் வைத்து, சுருளின் இரு முனைகளையும் ஒவ்வொன்றாக அளக்க. இரண்டும் பூச்சியம் காட்டின், நேர்முனைப் பக்கத்தில் எங்கோ வழி அறுந்துள்ளது. இரண்டும் முழு அழுத்தம் காட்டின், மீளும் பக்கத்தில் வழி அறுந்துள்ளது. பின்னதற்குக் காரணம் யாதெனின், வழி அறுந்தமையாற் சுருளில் ஓட்டம் இல்லை; ஓட்டம் இல்லாதவழிச் சுருளின் தடையில் இழப்பும் இல்லை; இழப்பு இன்மையின் இருமுனையும் ஒரே அழுத்தத்தில் நிற்கும். ‘இரண்டு முனையிலும் மின் இருக்கின்றதே’ என்று மயங்கி நல்ல ஸொலினாய்டைக் கழற்றி எறிவோர் பலர்.

நேர்முனைப் பக்கம் அறுந்ததாயின் சிவப்புக் கம்பியைச் சுற்றுவழியே நகர்த்துக. உருகியின் முன்னே 48 வோல்ட்டு, பின்னேயும் 48 வோல்ட்டு. சாவியின் முன்னே 48, பின்னேயும் 48. மிதிச் சுவிச்சின் முன்னே 48, பின்னே பூச்சியம் எனின், குற்றவாளி மிதிச் சுவிச்சேயாம். சோதிக்கவேண்டிய இடங்கள் எட்டாயின் நடுவிடத்தை முதலில் அளக்க. அங்கே அழுத்தம் உளதாயின் முற்பாதி முழுதும் விடுதலை பெறும். இலதாயின் பிற்பாதியைப் பாராது முற்பாதியை நாடலாம். இங்ஙனம் பாதிபாதியாகக் கழித்துச் செல்வோமாயின், எட்டிடத்துள் ஒன்றை மூன்று அளவையிலும், பதினாறிடத்துள் ஒன்றை நான்கு அளவையிலும் கண்டுவிடலாம்.

6. ஒலி உண்டு, ஓட்டம் இல்லை

‘டக்’ ஒலி எழுந்தும் சக்கரம் சுழலாதாயின் பெருஞ்சுற்றுக்குச் செல்க. முதலில் ஸொலினாய்டின் இரு பெருமுனைகளுக்கும் இடையே அளக்க. மிதியை அமுக்குமுன் அங்கே அழுத்தம் தெரியலாம். அமுக்கி ஒலி எழுந்தபின் அது ஏறத்தாழப் பூச்சியமாதல் வேண்டும். மூடிய சுவிச்சில் இழப்பு இருத்தல் ஆகாதன்றோ? அவ்வாறன்றிச் சில வோல்ட்டேனும் நிலைத்து நிற்குமாயின், உள்ளிருக்கும் செம்பு முனைகள் கருகிவிட்டன; ஒலி மட்டும் எழுகின்றதே அன்றி இணைப்பு நிகழவில்லை. இப்பெருமுனைகளுக்கிடையே ஒரு சிறு தடை பொருத்தப்பட்டிருப்பதைப் பல வண்டிகளிற் காணலாம். அது கன்ட்ரோலரின் மின்தேக்கியை மெல்ல நிரப்பி, செம்பு முனைகள் முதற்பொறியாற் கருகாவண்ணம் காப்பது. சுருளின் குறுக்கே உள்ள டையோடு, சுருள் நிற்குங்கால் எழும் எதிரழுத்தத்தை அடக்குவது. இவ்விரண்டையும் வேண்டாதவை என்று கருதிக் கழற்றிவிடின் புதிய ஸொலினாய்டும் கன்ட்ரோலரும் நெடுநாள் நில்லா.

ஸொலினாய்டு நன்றாயின், கன்ட்ரோலருக்கு இருபுறமும் அழுத்தம் வந்து சேர்கின்றதா எனவும், மிதியை மெல்ல அமுக்குங்கால் மிதியுணரியின் அளவு படிப்படியாக மாறுகின்றதா எனவும் பார்க்க. உணரியின் அளவு இடையில் ஓரிடத்தில் துள்ளுமாயின் வண்டியும் அவ்விடத்தில் துள்ளும். இவை யாவும் செவ்வையாயிருந்து, மோட்டாருக்கு அழுத்தம் வெளிவாராதாயின் மட்டுமே கன்ட்ரோலரைக் குறைகூறலாம். மோட்டார்வரை அழுத்தம் வந்தும் அது சுழலாதாயின், மோட்டாரின் கரித்துண்டுகள் தேய்ந்தனவா, அவற்றை அழுத்தும் வில்கள் தளர்ந்தனவா என்று நோக்குக. கன்ட்ரோலர் விலை மிக்கதாதலின் அதன்மேற் குற்றஞ்சாட்டுமுன் மற்ற யாவரையும் விசாரித்தல் நீதியாம்.

வண்டி முன்னே ஓடிப் பின்னே ஓடாதாயின், அது பெரிய உதவியே. முன்னே ஓடியமையால், இரு திசைக்கும் பொதுவான பாட்டரி, தடித்த கம்பிகள், மோட்டார் ஆகியன பெரும்பாலும் குற்றமற்றவை என்பது சான்றாயிற்று. எஞ்சியது பின்திசைக்கு மட்டும் உரிய சுவிச்சும் அதன் கம்பியுமே.

7. மேட்டில் தளரும் வண்டி

இனி எமது வண்டியின் கதைக்கு வருவோம். அது சமதரையில் ஒருவாறு ஓடியது, மேட்டில் தளர்ந்தது, ஒருநாள் நின்றது, சற்று ஆறவிட்டபின் மீண்டும் தவழ்ந்தது. ‘டக்’ ஒலி குறைவின்றி எழுந்தது. யாம் ஓய்விலிருந்த தொகுதியை அளந்தோம், 50.7 வோல்ட்டு காட்டியது. ‘பாட்டரி நன்று, ஒலி எழுந்தும் வண்டி ஓடாமையால் ஸொலினாய்டே பழுது’ என்று தீர்ப்பளித்து, புதிய ஸொலினாய்டு ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். வண்டி முன்போலவே தளர்ந்தது. பெருமுனைகளின் இழப்பை ஒருமுறை அளந்திருப்போமாயின் அச்செலவு நேர்ந்திராது. அதன்பின் பார்வையிட்ட பழுதுபார்ப்போர் ஒருவர், ஆறு பாட்டரிகளையும் ஒருங்கே மாற்றவேண்டும் என்றார். அதற்குரிய பொருள் கைவசமில்லை; பொருள் சேரும்வரை வண்டியை நிறுத்திவைப்பதென்றே முடிவாகும் நிலைமை. அம்மாணாக்கர் அதனைக் கேட்டு ஒன்றும் கூறவில்லை. தம் செய்முறைக் குறிப்பேட்டை நண்பர் கையில் கொடுத்தனுப்பலானார். அதனைக் கண்டபின் எமக்கு உறக்கம் கொள்ளவில்லை.

மீண்டும் முதலினின்று எண்ணிப் பார்த்தோம். ஓய்விலிருக்கும் சுற்றில் ஓட்டம் இல்லை. வோல்ட்டு மீட்டர் தானும் பெறும் ஓட்டம் மிக நுண்ணியது. ஓட்டம் பூச்சியமாயின், தடை எத்துணை பெரிதாயினும் அதில் இழப்பும் பூச்சியமே. ஆகவே ஓய்விற் பெற்ற 50.7 என்னும் அளவு, இணைப்புக்களின் நன்மை தீமை பற்றி யாதொன்றும் கூறவல்லதன்று. உழைக்கும்பொழுதே ஒருவனது வலிமை தெரியும், சுற்றும் அத்தகையதே.

எனவே மீட்டரின் கம்பிகளைக் கவ்விகளால் உறுதியாகப் பொருத்தி, ஒருவர் வண்டியை மேட்டில் ஏற்ற, ஒருவர் அருகிலிருந்து அளவைப் படித்தோம். தடையை அமுக்கிக்கொண்டு மோட்டாரை நின்ற நிலையில் முயலச் செய்தல் கூடாது. மோட்டாரின் செம்புப் பட்டைகள் எரிந்துபோம். கவ்வி வகை ஆம்பியர் மீட்டர் 130 ஆம்பியர் காட்டியது. அப்பொழுது ஒவ்வொரு பாட்டரியும் தன்னிரு முனைக்கும் இடையே ஏறத்தாழ 7.9 வோல்ட்டு காட்டியது. ஆறுக்கும் கூட்டுத்தொகை 47.4. நலிந்த பாட்டரி இவ்வோட்டத்தில் தனித்துச் சரிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். இங்கோ ஆறும் ஒரே தரத்தன. ஆனாற் கன்ட்ரோலரை அடைந்த அழுத்தம் 41.2 மட்டுமே. எஞ்சிய 6.2 வோல்ட்டு எங்கே சென்றது? கிர்க்காப் விதி பொய்யாகாது. அது வழியில் எங்கோ இழக்கப்பட்டதாதல் வேண்டும்.

பின்னர் ஒவ்வொரு மேட்டேற்றத்திலும் ஒவ்வோர் இணைப்பாக, பாட்டரி முனையின் ஈயத்திற்கும் கம்பியின் செம்புக் கொண்டிக்கும் இடையே அளந்து வந்தோம். பிற இணைப்புக்களிலும் கம்பிகளிலும் சேர்ந்து 0.9 வோல்ட்டே இழப்பு. நான்காம் பாட்டரியின் நேர்முனையில் மட்டும் 5.3 வோல்ட்டு. மேலே பளபளவென்று துடைக்கப்பட்டிருந்த அம்முனையைக் கழற்றிப் பார்த்தபொழுது, கொண்டியின் அடியிற் சாம்பல் நிறக் களிம்பு படிந்து, ஈயம் ஒருபுறம் இளகி உருண்டிருந்தது.

மாணாக்கர் இதனைக் கணக்கிட்டுப் பார்க்க. 5.3-ஐ 130-ஆல் வகுக்க, அவ்விணைப்பின் தடை 0.04 ஓம் அளவே. சாதாரண ஓம் மீட்டரால் இத்துணைச் சிறிய தடையை நம்பத்தக்கவாறு அளத்தல் இயலாது. அதன் சோதனைக் கம்பிகளின் தடையே இதனினும் மிகுதி. ஆயினும் 5.3-ஐ 130-ஆற் பெருக்க, அவ்வொரு முனையில் ஏறத்தாழ 690 வாட்டு ஆற்றல் வெப்பமாய்க் கழிவது விளங்கும். துணி தேய்க்கும் மின்சாரப் பெட்டியொன்றை அம்முனையில் வைத்ததற்கு இஃது ஒப்பாகும். காய்ந்தபொழுது இணைப்பு நெகிழ்ந்தமையால் வண்டி நின்றதும், ஆறியபின் தவழ்ந்ததும் இதனாலேயே.

எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, முனையையும் கொண்டியையும் ஆப்பச் சோடா நீராற் கழுவி, கம்பித் தூரிகையாற் பளபளப்பாகத் தேய்த்து, கெட்ட கொண்டியை மாற்றி, உரிய இறுக்கத்துடன் முடுக்கி, மேலே சிறிது வாசலைன் தடவினோம். மீண்டும் மேட்டிற் சோதித்தபொழுது அவ்விணைப்பின் இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் குறைவு. வண்டி நில்லாது ஏறிற்று. பாட்டரி ஒன்றும் மாற்றப்படவில்லை.

8. வேறு சில குறிப்புக்கள்

மின்னேற்றும் கருவியைச் செருகியும் அது தொடங்காதாயின், கருவியை உடனே பழிக்கற்க. பழைய தானியங்கிக் கருவிகள், தொகுதியில் ஓரளவு அழுத்தம் இருந்தாலன்றித் தம் உட்சுவிச்சை மூடா. நெடுநாள் ஓடாது கிடந்து முற்றும் வற்றிய தொகுதியை அவை உணர்வதில்லை. அந்நிலையில் ஒவ்வொரு பாட்டரிக்கும் அதற்கேற்ற சிறு கருவியால் தனித்தனியே சிறிது மின்னேற்றியபின், பெரிய கருவி பணியை மேற்கொள்ளும்.

இக்காலத்து வண்டிகள் பலவற்றில் ஈயப் பாட்டரிக்கு மாறாக லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுப் பாட்டரி அமைந்துள்ளது. 3.2 வோல்ட்டுக் கலங்கள் பதினாறு சேர்ந்து 51.2 வோல்ட்டு தரும். அதன் அழுத்தம் மின் பெரிதும் செலவாகும்வரை ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்பதால், வோல்ட்டு அளவைக்கொண்டு எஞ்சிய மின்னை மதிப்பிடல் அரிது. அதனுட் பொதிந்த காவற்கருவி, ஆபத்து நேருமிடத்துச் சுற்றைத் திடீரென அறுத்துவிடும். ஆதலின் இவ்வண்டி தளராது ஒரேயடியாக நிற்கும். மாறுதிசை மின்னோட்ட மோட்டார் அமைந்த வண்டிகளிற் கரித்துண்டுகள் இல்லை. பல கன்ட்ரோலர்கள் தம் சிறு விளக்கைக் குறிப்பிட்ட முறையிற் கண்சிமிட்டச் செய்து பிழையின் எண்ணை அறிவிக்கும். அவ்வெண் எவ்விடத்தில் நாடவேண்டும் என்பதைக் காட்டுமேயன்றி, எவ்வுறுப்பை வாங்கவேண்டும் என்பதைக் காட்டாது. அளந்தறியும் கடமை அங்கும் நம்மையே சாரும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். முதலில் உடம்பைக் காத்துக்கொள்க. பின்னர்க் கண்ணாற் காண்க, காதாற் கேட்க. பாட்டரியை ஓய்விலும் உழைப்பிலும் அளக்க. ஒலி எழாதாயின் ஏவற்சுற்றையும், எழுந்ததாயின் பெருஞ்சுற்றையும் நாடுக. நடுவிடத்தை அளந்து பாதியைக் கழிக்க. ஓர் அளவையேனும் சான்று கூறாதவழி எவ்வுறுப்பையும் மாற்றற்க. அளந்தவற்றை நாளும் இடமும் குறித்து ஏட்டில் எழுதிவைக்க. பின்வருவோர்க்கு அஃது உதவும்.

யாம் வாங்கிய வேண்டாத ஸொலினாய்டு இன்றும் எமது ஆய்வுகூடத்து அலமாரியில் உள்ளது. புதிய மாணாக்கர் வருங்கால் அதனை எடுத்துக்காட்டி, இப்பாடத்தை அங்கிருந்தே தொடங்குகின்றோம். அவ்வகுப்பின் முதல் வரிசையில், இவ்வண்டியில் ஏறிவந்த அம்மாணாக்கரும் வோல்ட்டு மீட்டரைக் கைக்கொண்டு அமர்ந்திருக்கின்றார்.